இடிபாடும் நீராட்டும்

வெள்ளவத்தையில் காலி வீதி வெள்ளிக்கிழமை இரவில் நேரத்தோடு உறங்குவதில்லை. ஒரு பக்கம் யாழ்ப்பாணத்துக்குச் சொகுசு பஸ்கள் ஆளேற்றிக்கொண்டிருக்கும். உள்வீதிகளில், அடுக்குமாடி வாசல்களில், வாடகை வான்கள் வேறொரு கூட்டத்துக்காக நிற்கும். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கமும் இதே காட்சிதான். வாழையிலையில் கட்டிய புளிச்சாதம், பாணும் கட்டாச் சம்பலும், முறுக்கு டின், துவாய், மாற்றுடுப்பு. கனடாவிலிருந்து வந்த மாமாவுக்கு முன்சீற். நள்ளிரவு தாண்டி வெளிக்கிட்டால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை கடந்து விடியப் பொலன்னறுவை. வெயில் ஏறுமுன் இடிபாடுகள், ஏறியபின் தண்ணீர். அடுத்த நாளும் கையில் இருந்தால் திருகோணமலை: கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடல்.

காலையில் சரித்திரம், பிற்பகலில் குளிப்பு என்ற கணக்கு உலகம் முழுவதும் ஓடுகிறது. மெக்சிக்கோவின் யுகட்டான் குடாநாட்டில் வழிகாட்டிகள் பயணிகளை முதலில் சிச்சென் இட்சாவின் மாயன் பிரமிட்டுக்குக் கூட்டிப்போவார்கள். பிறகு, சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான ‘செனோட்டே’ என்ற ஆழ்கிணறுகளில் நீந்த விடுவார்கள். அந்தக் குடாநாட்டின் வடபாகத்தில் தரைமேல் ஓடும் ஆறு கிடையாது. கிணறு இருந்த இடத்தில்தான் மாயன் நகரம் எழுந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு இது ஒன்றும் புதினமில்லை. புத்தூர் நிலாவரையும் அதே குடும்பத்துக் கிணறுதான்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கீரிமலையில் கடலின் ஓரத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுவதற்கும் அதே வகைப் பாறைதான் காரணம். பொலன்னறுவையில் அப்படிப் பாறைக் கிணறு இல்லை. மழைநீரையும் ஆற்றுநீரையும் அணைகட்டி மறித்த குளங்கள் இருந்தன. ஆனால் கதை ஒன்றுதான். வறண்ட நிலத்தில் தண்ணீர் நின்ற இடத்துக்கு அரசன் வந்தான், கோயில் வந்தது. அரசன் போனபின்னும் தண்ணீர் நின்றது.

ஈழத்துச் சைவருக்கு நீராட்டில்லாத யாத்திரை கிடையாது. கதிர்காமம் என்றால் மாணிக்க கங்கையில் முழுகாமல் முருகனிடம் போவதில்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலை. திருக்கேதீச்சரத்துக்குப் பாலாவி. திருகோணமலையில் பாபநாசத் தீர்த்தம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணேச்சரத்தையும் கேதீச்சரத்தையும் பாடியபோதே இரண்டும் கடலோரத் தலங்கள். கோயிலும் நீரும் ஒன்றாகவே பேர்பெற்றவை. இன்றைய வான் பயணத்தின் பழைய தடம் இதுதான். துவாயும் மாற்றுடுப்பும் அன்றைக்கும் மூட்டையில் இருந்தன.

இடிபாட்டைப் பார்ப்பதற்கென்றே பயணம் போவது மட்டும் பின்னால் வந்த வழக்கம். அதைக் கொண்டுவந்தவர்கள் பிரித்தானியர். 1890இல் தொல்பொருள் ஆய்வுத் துறை ஒன்றை அமைத்து எச்.சி.பி. பெல்லை அதன் தலைவராக்கினார்கள். 1897இல் கொழும்புப் புத்தக வியாபாரி ஹென்றி கேவ், இலங்கையின் அழிந்த நகரங்களைப் பற்றிப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் பொலன்னறுவை போவது சின்ன விஷயமில்லை. ரயில் 1880இல் மாத்தளைவரை வந்திருந்தது. அதற்கப்பால் வண்டிப்பாதை, காடு, யானை, கொய்னா மாத்திரை. 1905இல் வடக்கு ரயில் பாதை காங்கேசன்துறைவரை முழுமையடைந்து அனுராதபுரத்தைக் கொழும்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. பொலன்னறுவை இன்னும் காத்திருந்தது. 1920களின் இறுதியில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பாதை போட்டபோது, மட்டக்களப்புப் பாதையில் அதற்கும் ஒரு நிலையம் கிடைத்தது. கல்லோயாச் சந்தியில் ரயில் முன்பு இரண்டாகப் பிரியும்: ஒரு பாதி திருகோணமலைக்கு, மறு பாதி பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு. தூக்கக் கலக்கத்தில் பெட்டி மாறி உட்கார்ந்தால் விடிந்தபின்தான் தெரியும்.

ரயில் மட்டும் போதவில்லை. 1934–35இல் குருநாகல், கேகாலைப் பக்கங்களை வாரிக்கொண்டுபோன மலேரியாவில் 80,000 பேருக்குக் குறையாமல் இறந்ததாகக் கணக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்தகையோடு டி.டி.ற்றி தெளித்தபிறகுதான் உலர்வலயத்தில் பயமில்லாமல் ஓரிரவு தங்கலாம் என்ற நிலை வந்தது. 1954இல் எலிசபெத் மகாராணி பொலன்னறுவைக்கு வந்து குளக்கட்டு வாடிவீட்டில் தங்கினார். பிள்ளை குட்டியோடு குடும்பமாகப் போகும் ட்ரிப்புகளுக்கு வழி திறந்தது ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான்.

பொலன்னறுவையில் இறங்கியவுடன் வழிகாட்டி பராக்கிரமபாகுவிலிருந்து தொடங்குவார். அதில் பிழையில்லை, 1153 முதல் 1186 வரை ஆண்ட அந்த மன்னன் இல்லாமல் இந்த நகரத்தின் பாதியைச் சொல்லவே முடியாது. ஆனால் இதை முதலில் தலைநகராக்கியவர்கள் சோழர். 993 அளவில் முதலாம் ராஜராஜனின் படை அனுராதபுரத்தைச் சூறையாடியபின், மகாவலிக்குக் கிட்ட, தெற்கு உருகுணையிலிருந்து வரும் படைகளைக் கண்காணிக்க வசதியான பொலன்னறுவையில் பாளயம் போட்டது. ஊருக்கு ஜனநாதமங்கலம் என்று பேர்வைத்தார்கள். 1017இல் அவன் மகன் ராஜேந்திரன் காலத்துப் படை சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனது. அவன் அங்கேயே இறந்தான். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை விரட்டினான். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு.

அந்த முக்கால் நூற்றாண்டில் முழுசாக மிஞ்சியது ஒரு சின்னக் கோயில். தொல்பொருள் பலகையில் இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம் என்றிருக்கும். அதன் சுவரிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகள் வானவன்மாதேவி ஈசுவரம் என்கின்றன. அதிராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டும் அவற்றில் உண்டு. ஒரு சோழ அரசியின் பேரால் எழுந்ததென்று கொள்வர். ‘பொன்னியின் செல்வன்’ வாசித்தவர்களுக்கு அந்தப் பேர் பழக்கமானது. செங்கல்லும் சுதையும் உதிர்ந்து கிடக்கும் ஊரில் இது அடிமுதல் உச்சிவரை கல். அதனால் கூரையோடு நிற்கிறது. பொலன்னறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களில் இதுவே மிகப் பழையதென்று கருதப்படுகிறது. கருவறையில் லிங்கம் இருக்கிறது. வான் பயணிகள் யாராவது கொண்டுவந்த கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுத்தான் போவார்கள். நகரத்தின் மற்ற மூலைகளில் கமராவும் தொப்பியுமாகத் திரியும் கூட்டம் இங்கே செருப்பைக் கழற்றி, நெற்றியில் நீறு பூசிக்கொள்ளும்.

இங்கிருந்து தெற்கே சதுர முற்றத்துக்குப் போனால், சோழர் போனபின் நடந்த இன்னொரு தமிழ்க் கதை கல்லில் நிற்கிறது. சிங்கள அரசரிடம் சேவித்த தென்னிந்திய வேளைக்காரப் படையினர் புத்தரின் தந்ததாதுவைக் காப்பதாக உறுதிகூறித் தமிழில் வெட்டிய கல்வெட்டு அது, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. சோழர் சண்டைக்காரர், சிங்களவர் எதிரி என்று ஒரே கோட்டில் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு இந்தக் கல்லைக் காட்டவேண்டும். பெரும்பாலான வழிகாட்டிகள் இதற்கு அரை நிமிடம் ஒதுக்குவார்கள். பக்கத்திலுள்ள ஏழடுக்குச் சத்மகால் பிரசாதத்துக்குத்தான் கூட்டம் திரும்பும். படிப்படியாக ஒடுங்கும் அந்தக் கட்டடத்தைப் பார்த்து மாயன் பிரமிட் என்று சொல்லாத சுற்றுலாப் பயணி குறைவு. உறவு இருப்பது மெக்சிக்கோவோடு அல்ல. தாய்லாந்தின் லம்பூனில் இதேபோல ஒரு கோபுரம் நிற்கிறது. ஆனால் காலம் கொஞ்சம் பொருந்தும். சிச்சென் இட்சா ஓங்கியிருந்த நூற்றாண்டுகளின் கடைசிப் பகுதியில்தான் இங்கே சோழக் கொடி பறந்தது.

அகழ்வுக் கதையும் இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் நடந்தது. 1904இல் எட்வேர்ட் தொம்சன் என்ற அமெரிக்கர் சிச்சென் இட்சாவின் புனிதக் கிணற்றைத் தூர்வாரத் தொடங்கினார். பொன், பச்சைக்கல், மனித எலும்பு எல்லாம் மேலே வந்தன; பெரும்பகுதி ஹார்வர்டின் பீபொடி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. 1907–08இல் பெல்லின் ஆட்கள் பொலன்னறுவை முதலாம் இலக்கச் சிவ தேவாலயத்தில் தோண்டினார்கள். அதற்குமுன் அந்தக் கட்டடத்தைத் தலதா மாளிகை என்றே வெள்ளைக்காரர் எழுதிவந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்தவை நடராசர், உமை, நாயன்மார். தந்ததாது இருந்த வீடென்று சொன்ன இடத்திலிருந்து சுந்தரமூர்த்தி நாயனார் எழுந்து வந்தபின் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

சிலைகள் கடல் தாண்டவில்லை. கொழும்பு அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றைப் பற்றி எழுத முன்வந்தவர்களில் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். சைவ வழிபாட்டின் பொருளை விளக்கி அவர் எழுதிய கட்டுரைகள் ஆசியக் கழகத்தாரும் வாசித்தவை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டிய குடும்பம் அது. அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டியவர் அவருடைய அண்ணன் இராமநாதன். 1914இல் அவர்களின் மாமன் மகன் ஆனந்த குமாரசுவாமி, கொழும்பு அருங்காட்சியகத்து வெண்கலங்களைப் பற்றி நூலே எழுதினார். ஆகக் கொட்டாஞ்சேனைக்காரர் விடிய விடிய வானில் குலுங்கிப் பொலன்னறுவையில் பார்ப்பது, சிலை இல்லாத கோயில். சிலைகள் கறுவாத்தோட்டத்தில், வீட்டிலிருந்து ஒரு ஓட்டோ தூரத்தில் இருக்கின்றன. இந்தத் தகவலை எந்த வழிகாட்டியும் சொல்லாமலிருப்பது தொழில் ரகசியமோ என்னவோ.

பதினொரு மணிக்கு மேல் பொலன்னறுவையில் கல் சுடும். அப்போது வழிகாட்டி எல்லாரையும் குமார பொக்குணைக்குக் கொண்டுபோவார். பராக்கிரமபாகுவின் அரண்மனைக்குப் பக்கத்தில், மதிலுக்கு வெளியே, படிப்படியாக இறங்கும் கற்குளம். நிலத்தடிக் குழாயில் வந்த நீர் முதலைவாய் வழியாக விழும். இன்னும் வடக்கே போனால் தாமரைக் குளம்: எட்டிதழ்த் தாமரை ஐந்தை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கியதுபோல் செதுக்கிய சின்னத் தொட்டி. கொழும்பில் 2011இல் திறந்த நெலும் பொக்குண அரங்கத்துக்கு உருவம் கொடுத்தது இதுதான். அந்த அரங்கத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம் பார்த்த வெள்ளவத்தைப் பிள்ளைகள் அசலைக் கண்டதும், இவ்வளவுதானா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இதன் பெருமை அளவில் இல்லை, தண்ணீரைக் கொண்டுவந்த விதத்தில் இருக்கிறது. அனுராதபுரத்துக் குட்டம் பொக்குணையில், நீர் குளத்துக்குள் விழுமுன் மண்டி தங்குவதற்கென்றே தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டினால் எந்தப் பொறியியல் மாணவனும் குனிந்து பார்ப்பான்.

இந்தக் குளங்களில் இறங்க முடியாது. சிச்சென் இட்சாவின் புனிதக் கிணற்றிலும் யாரும் நீந்துவதில்லை. பயணிகள் நீந்துவது வேறு கிணறுகளில். பொலன்னறுவையில் அந்த வேறு இடம், பராக்கிரம சமுத்திரத்திலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்கால். பன்னிரண்டாம் நூற்றாண்டின் அந்தப் பெருங்குளம் உடைந்து காடுபற்றிக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருத்தி எழுந்தது. குடியேற்றத் திட்டங்களுக்காக, நெல்லுக்காகத் திருத்தினார்கள். குளிக்க வருபவரை யாரும் நினைக்கவில்லை. சுழி இல்லாத இடமாகப் பார்த்துச் சாரதி வானை மரநிழலில் நிறுத்துவார். எந்த மதகடியில் இழுப்பு அதிகம், எந்தக் கட்டில் பாசி வழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தொல்பொருள் வழிகாட்டிக்கு உரிமப்பத்திரம் உண்டு. 1966இல் அமைந்த சுற்றுலாச் சபையின் வழியில் வந்த ஏற்பாடு அது. தண்ணீர் வழிகாட்டிக்குப் பத்திரம் இல்லை. ஆனால் பிள்ளைகளைக் கரைசேர்ப்பவர் இந்த இரண்டாமவர்தான்.

திருகோணமலையில் இடிபாடும் கடலும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டன. அது வேறு யாருடைய வேலையுமல்ல, போர்த்துக்கேயருடையது. 1622இல் சித்திரை வருடப்பிறப்பன்று அவர்கள் கோணேசர் கோயிலுக்குள் புகுந்ததாக மரபு. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கொன்ஸ்தாந்தீனு த சா என்ற தளபதி கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார். மிஞ்சியது, கோயில் நின்ற சுவாமிமலை உச்சியிலிருந்து கடலுக்குள் போயிற்று. இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அதன் வாசலில் பாண்டியரின் மீன் இலச்சினையும், பறங்கியர் இடிப்பதை முன்கூட்டிச் சொன்னதாகப் பேர்பெற்ற தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. வானில் வருபவர்களில் பாதிப்பேர் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைப் பார்த்துக்கொண்டே அந்த வாசலைக் கடந்துவிடுவார்கள்.

கோயில் இல்லாத மூன்று நூற்றாண்டும் வழிபாடு நிற்கவில்லை. பூசகர் பாறை உச்சியில் நின்று, பூவையும் பழத்தையும் கீழே கடலுக்குப் படைத்தார். இருப்பது கீழேதான் என்று ஊருக்குத் தெரியும். 1950இல், பாறைக்குச் சற்றுத் தள்ளிக் கிணறு வெட்டியவர்கள் சோமாஸ்கந்தர் உள்ளிட்ட வெண்கலத் திருமேனிகளைக் கண்டெடுத்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, கடலுக்குள்ளேயே ஒருவர் போய்ப் பார்த்தார். அவர் மைக் வில்சன் என்ற ஆங்கிலேயச் சுழியோடி. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி. 1956இல் இருவரும் இலங்கையின் பவளப்பாறைகளைத் தேடி வந்தவர்கள். சுவாமிமலையடியில் வில்சன் கண்டவை தூண்கள், செதுக்கிய கற்கள். கடலிலிருந்து மீட்ட லிங்கம் மறுபடி மலைக்கு ஏறியது. கிளார்க் இதை 1957இல் தன் நூலொன்றில் எழுதினார். 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

இந்த வில்சனைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 1962இல் இவர் இயக்கிய ‘ரன்முத்து துவ’ சிங்களத்தின் முதல் வண்ணப்படம். காமினி பொன்சேகா நடித்த அந்தப் படத்தின் கடலடிக் காட்சிகள் அன்றைக்குப் பெரும் பேச்சு. கிளார்க்கோடு சேர்ந்து நடத்திய தொழில், பணம் கட்டியவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுவது. பிற்காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காவி உடுத்து சுவாமி சிவ கல்கி ஆனார். இடிபாட்டுக்குள் நீந்திய முதல் வழிகாட்டி சந்நியாசியாக முடிந்ததைக் கதையாக எழுதினால், கொஞ்சம் கூட்டிவிட்டார் என்பார்கள்.

பிறகு வந்த முப்பது ஆண்டுப் போரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வான் ஏறும் எல்லார் வீட்டிலும் அதன் கதை இருக்கிறது. 1983 ஜூலைக்குப் பிறகு, குடும்பமாக இரவில் புறப்பட்டு ஹபரணைக் காடு வழியாகப் போவதை யாரும் பொழுதுபோக்கென்று சொல்லவில்லை. 1987 பெரிய வெள்ளியன்று ஹபரணை–திருகோணமலை வீதியில் பஸ் பயணிகளை இறக்கிச் சுட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் சிங்களவர். 2007 ஜூன் 7ஆம் தேதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. கொழும்பிலிருந்து அந்தத் திசைக்குப் போன பயணங்களில் அதுவும் ஒன்று. 2002 சமாதானத்தில் ஒருமுறையும், 2009க்குப் பிறகு நிரந்தரமாகவும் பாதை திறந்தது. அடையாள அட்டையை மேற்பொக்கெற்றில் தயாராக வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் வயதானவர்களிடம் போகவில்லை.

கன்னியாவில் ஏழு கிணறு. திருகோணமலையிலிருந்து அனுராதபுர வீதியில் கொஞ்சத் தூரம். ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தில் குத்தியபோது பீறிட்டவை என்பது கதை. கதைக்கேற்ப, சுற்றுவட்டாரத் தமிழர் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையை இங்கேதான் செய்துவந்தார்கள். இப்போது அந்த இடம் தொல்பொருள் திணைக்களத்தின் கையில். பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை எழுப்பும் முயற்சிக்கு எதிராக 2019 ஜூலையில் பெரிய போராட்டம் நடந்தது. அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே போகும் பயணி இதில் எதையும் பலகையில் வாசிக்க முடியாது. வழிகாட்டியும் அவரவர் ஊரைப் பொறுத்துத்தான் பேசுவார்: ஒருவர் இராவணனில் தொடங்குவார், இன்னொருவர் பௌத்த மடாலயத்தில். இடிபாடு பேசாது, அதற்காகப் பேசுபவரை யார் கூலிக்குப் பிடித்தது என்பதைப் பொறுத்துப் பிள்ளைகள் சரித்திரம் படிக்கிறார்கள். கிணறுகள் சிறியவை, நீந்த இடமில்லை; வாளியால் அள்ளித் தலையில் ஊற்றவேண்டும். ஆகவே பிள்ளைகளின் நச்சரிப்பு நிலாவெளிவரை ஓயாது.

நிலாவெளிக்கு எதிரே ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. பிரித்தானியக் கடற்படை இலக்குவைத்துச் சுட்டுப் பழகிய இடம். 2003இல் தேசியப் பூங்காவானது. வனசீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கட்டணம் வேறு, உள்ளூரவருக்கு வேறு. கனடா மாமா இங்கே முணுமுணுக்காமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. படகு ஓட்டும் பெடியன் கண்ணாடியும் குழாயும் வாடகைக்குக் கொடுப்பான். முருகைக்கல்லில் காலூன்ற வேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் அரைகுறை ஆங்கிலத்திலும் சொல்வான். கடற்கரையில் கூட்டம் கூடிய விடுமுறை நாட்களில் அவன் சொல்வதைக் கேட்பவர்கள் குறைவு; ஆழமில்லாத பக்கத்தில் முருகைக்கல் உடைந்து வெள்ளைத் துண்டுகளாகக் கரையில் குவிந்துகிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.